ரினிவல் கட்டாவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கும் ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகளுக்கும் கணக்கு சாப்ட்வேர் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நானும் என் கூட்டாளியும், உதவிக்கு இரண்டு பிள்ளைகளும். செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை. பட்டறைக்கு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் போதும் என்றிருந்த வரைக்கும் சாப்ட்வேர் எழுதும் டூல்களில் எதை எடுப்பது என்ற யோசனையே வந்ததில்லை. போன் வந்த பிறகுதான் தலைவலி. எஸ்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் ரைட்டரிடம் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். பழம் எடை போடும் இடத்தில் மேஸ்திரி கையில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். அங்கே பாதி நேரம் சிக்னல் இருக்காது. பெங்களூரில் இருக்கும் முதலாளியிடம் ஐபோன். மூன்று பேருக்கும் ஒரே கணக்கு தெரிய வேண்டும்.

ஒரு முறை எழுதினால் எல்லாவற்றிலும் ஓடும் என்று சொல்லி விற்கிற டூலைக் காசு கொடுத்து வாங்குவதா, இலவசமாகக் கிடைப்பதை வைத்து ஓட்டுவதா என்று எங்களுக்குள் வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும். சில சமயம் வாங்கினோம், சில சமயம் விட்டோம். இதே அளவில் தொழில் செய்கிற யாருக்காவது உதவட்டும் என்று அந்தக் கணக்கை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒரு டூலின் விலை ஒரு ஆளின் மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும்.

விலையை டாலரில் பார்ப்பதை முதலில் விட்டோம். ஏ.எம்.சி.யில், அதாவது வாடிக்கையாளர் தரும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு பட்டறை எங்களுக்கு ஆண்டுக்குக் கொடுப்பது நாலாயிரம், மிஞ்சிப்போனால் ஐயாயிரம். ஒரே சாப்ட்வேரைக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் எழுத உதவும் க்யூட்டி (Qt) டூலுக்கு 2020-ல் அறிவித்த சிறு நிறுவன லைசென்ஸ் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 499 டாலர். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதாவது கிட்டத்தட்ட பத்துப் பட்டறைகள் ஆண்டு முழுக்கக் கொடுப்பது அந்த ஒரு ரசீதுக்கே போய்விடும். இப்படிப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். அந்தப் பத்துப் பட்டறைக்கும் போய் வர பெட்ரோல் போட வேண்டும், பிரிண்டர் மக்கர் செய்தால் ஓட வேண்டும்.

டாலர் வேறு சும்மா இருப்பதில்லை. 2013-ல் 60 ரூபாயைத் தாண்டியது, 2022-ல் 80-ஐத் தாண்டியது. டூல் விற்பவர் விலையை ஏற்றாவிட்டாலும் நமக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். இதைச் சொல்லி ஏ.எம்.சி.யைக் கூட்டித் தரச் சொன்னபோது சிவதாபுரத்துப் பட்டறைக்காரர் ஒருவர், “ஏன் தம்பி, வெள்ளி கிலோவுக்கு எவ்வளவு ஏறினாலும் எனக்குக் கூலி அதேதான் தர்றாங்க. உனக்கு மட்டும் நான் ஏத்தித் தரணுமா?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக் கம்பெனியிடம் நேரடியாக லைசென்ஸ் வாங்கினால் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதத்தை நாமே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் முதலில் பணமாகக் கட்டியாக வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்குத் திரும்பவும் வராது. பேங்க் அதன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். 2021 அக்டோபரிலிருந்து கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி விதி வந்தது; முதலில் 5,000 ரூபாய், அடுத்த ஆண்டில் 15,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் நாம் ஓ.டி.பி. போட வேண்டும். ஆட்டோ ரினிவலை நம்பி உட்கார்ந்திருந்தால் சந்தா அறுந்து போகும். ரினிவல் தேதியை காலண்டரில் எழுதி வைத்து, ஒரு வாரம் முன்னாலேயே கையால் கட்டிவிடுவது நல்லது. ஆடிட்டரிடமும் ரசீது வந்த மாதமே சொல்லிவிட வேண்டும். மார்ச்சில் சொன்னால் திட்டுவார்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவுதான் பெரிது.

பல டூல்களில் “பெர்பெச்சுவல் லைசென்ஸ்” என்று போட்டிருப்பார்கள். ஒரு முறை வாங்கினால் அந்த வெர்ஷன் என்றைக்கும் உங்களுடையது. விண்டோஸில் மட்டும் வேலை என்றால் அது உண்மைதான். பத்து ஆண்டுக்கு முன் கம்பைல் செய்த (எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றிய) பில்லிங் புரோகிராம் இன்றைக்கும் விண்டோஸில் அப்படியே ஓடுகிறது. போனில் அந்தக் கதை நடக்காது. பிளே ஸ்டோரில் ஆப் வைத்திருந்தால், லாரிக்கு எஃப்.சி. எடுப்பது மாதிரி ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும். வழக்கமாக ஆகஸ்ட் கடைசிக்குள். 2024-ல் ஆண்ட்ராய்டு 14-க்கும், 2025-ல் 15-க்கும் ஏற்ப அமைத்தால்தான் அப்டேட்டை ஏற்போம் என்றார்கள். 2019 ஆகஸ்டில் 64 பிட் சிப்புக்கான வடிவமும் கட்டாயமானது. அந்த நேரத்தில் டெல்ஃபி என்ற டூலில் ஆண்ட்ராய்டுக்கு 64 பிட் கம்பைலர் கிடையாது. நவம்பரில் வந்த 10.3.3 வெர்ஷனில்தான் வந்தது. நடுவில் மூன்று மாதம். அப்படிப்பட்ட நேரத்தில் பழைய வெர்ஷனின் பெர்பெச்சுவல் லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்டோர் கேட்கும் புது விதிக்கு வேண்டிய கம்பைலர் அடுத்த வெர்ஷனில் இருக்கும், அந்த வெர்ஷனுக்கு ரினிவல் கட்டியிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு டூலை வாங்கும் முன் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: அடுத்த ஆண்டு பணம் கட்டாவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? சிலவற்றில் பழைய வெர்ஷனும் முழு சோர்ஸும் (அதை எழுதிய மூல வரிகள்) மிஞ்சும். சிலவற்றில் டூலே திறக்காது. சிலவற்றில் திறக்கும், ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் நிறுவ முடியாது. கடைசி ரகத்தில் நாங்கள் ஒரு முறை மாட்டினோம், பெயர் வேண்டாம். கூட்டாளியின் மெஷினில் ஹார்டு டிஸ்க் போய், புது டிஸ்கில் போட்டால் ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வந்தது. எழுதிக் கேட்டோம். சப்போர்ட் வேண்டுமானால் ரினிவல் கட்டுங்கள் என்று பதில். கட்டினோம், வேறு வழி? அதிலிருந்து டூல், அதில் சேர்க்கும் துணைப் பாகங்களான காம்போனென்ட்டுகள், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (ஒரே கோப்பாக இருக்கும், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்) வைத்து, அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைக்கிறோம். மெஷின் போனாலும் வேலை நிற்காது. லைசென்ஸ் விதியில் விர்ச்சுவல் மெஷினுக்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

டூல் விற்கும் கம்பெனி கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதைகள் நிறைய. டெல்ஃபியை உருவாக்கிய போர்லாண்டு கம்பெனி 2001-ல் அதன் லினக்ஸ் வடிவமாக கைலிக்ஸ் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு மூன்றாவது வெர்ஷனோடு கதை முடிந்தது. டெல்ஃபியே 2008-ல் எம்பர்காடெரோ கம்பெனிக்குப் போனது. க்யூட்டி ட்ரோல்டெக்கிடமிருந்து நோக்கியா, நோக்கியாவிடமிருந்து டிஜியா, பிறகு தனிக் கம்பெனி என்று கைமாறிக்கொண்டே வந்தது. ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்களை எழுதும் ஸாமரின் டூலின் கதை எதிர்ப்பக்கம். 2013-ல் ஒரு பிளாட்ஃபாரத்துக்கு ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 299 டாலர் தொடங்கி 1,899 டாலர் வரை விற்றது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கி இலவசமாக்கியது. 2024 மே 1-ஆம் தேதி ஆதரவை நிறுத்தியது. காசு கொடுத்தவனுக்கும் கொடுக்காதவனுக்கும் அன்றைக்கு ஒரே நிலைமைதான். இரண்டு பேரும் அதன் வாரிசான மவுயிக்கோ (MAUI) வேறெதற்கோ மாற்றி எழுத வேண்டும். காசு கொடுத்தால் டூல் நிலைத்து நிற்கும் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அப்போ எல்லாமே இலவசம் என்று போய்விடலாமே? போனோம். மேஸ்திரிகளின் ஆப்பை இப்போது கூகுளின் இலவச டூலான ஃப்ளட்டரில்தான் வைத்திருக்கிறோம். லைசென்ஸ் செலவு சுழியம். ஆனால் 2021-ல் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் நல் சேஃப்டி (காலி மதிப்பால் வரும் பிழையைத் தடுக்கும் விதி) வந்தது, 2023 மே மாதம் வந்த டார்ட் 3 பழைய முறையில் எழுதியவற்றை ஏற்கவே மறுத்தது. நாங்கள் எழுதியதை நாங்களே மாற்றிக்கொண்டோம், அது பெரிய காரியமில்லை. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த ப்ளூடூத் பிரிண்டர் பேக்கேஜை எழுதியவர் கைவிட்டுவிட்டார்; அதை எடுத்து நாங்களே திருத்த வேண்டியிருந்தது. அறுவடை நேரம். மேலே எஸ்டேட்டில் தினமும் எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், கீழே நாங்கள் அடுத்தவன் எழுதிய புரோகிராமைப் படித்துக்கொண்டிருக்கிறோம். அந்த வாரச் சம்பளமும் ஒரு லைசென்ஸ் விலைதான். இலவச டூலில் நாம் நம்புவது டூலை மட்டும் இல்லை, அதன் மேல் அடுக்கி வைத்திருக்கும் பேக்கேஜ்களையும். எங்கள் வழக்கம் இப்போது இது: பிரிண்டர், தராசு, டேட்டாபேஸ் ஆகிய மூன்றையும் தொடும் பேக்கேஜ்களின் சோர்ஸை எங்கள் புராஜெக்ட்டுக்குள்ளேயே நகல் எடுத்து வைத்துவிடுவோம். டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட். அது பொதுச்சொத்து, லைசென்ஸே கிடையாது, மூன்று பிளாட்ஃபாரத்திலும் ஒரே கோப்பு. அதில் மட்டும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

பட்டறைக் கணக்கில் டூலின் தரம் எங்கே தெரியும் என்றால், எடையில். கொலுசுக்காரர்கள் பணத்தைவிட வெள்ளியில்தான் வரவு செலவு வைப்பார்கள். நூறு கிராம் சரக்கு, 70 டச் (நூற்றுக்கு 70 சுத்தம்) என்றால் ஃபைன், அதாவது சுத்த வெள்ளி, 70 கிராம். கட்டி வெள்ளி கொடுத்துவிட்டு, கண்ணியாகவும் அரும்பாகவும் திரும்பி வரும் சரக்கின் எடையில் டச் போட்டு ஃபைன் கழித்து, சேதாரம் தள்ளி, மிச்சத்தைப் பற்றில் வைக்க வேண்டும். மாசக் கடைசியில் ஒரு மில்லி இடித்தாலும் நோட்டுக் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாவிட்டால் நோட்டுதான் சரி, கம்ப்யூட்டர் தப்பு. அது அங்கே சட்டம். டெல்ஃபியில் நான்கு தசமம் வரை பிசகாத கரன்சி என்ற வகை உள்ளேயே இருக்கிறது. சி ஷார்ப்பில் டெசிமல் இருக்கிறது. டார்ட்டிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படி ஒன்று மொழியோடு வருவதில்லை. சாதாரண தசம எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. இதற்குத் தனி லைப்ரரி தேட வேண்டாம். எடையை எல்லாம் மில்லிகிராமாக முழு எண்ணில் வைத்துக்கொண்டோம், டச்சை நூறால் பெருக்கி முழு எண்ணாக்கினோம், திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வைத்தோம். டூல் மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. பிறகு டூல் மாற்றிய போதெல்லாம் இது எங்களைக் காப்பாற்றியது.

இன்னொரு சோதனை தமிழ். எந்த டூலாக இருந்தாலும் டிரையல் வெர்ஷன் கிடைக்கும். அதில் முதல் வேலையாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து “கொலுசு” என்று அடித்துப் பாருங்கள். சில டூல்கள் எழுத்தைத் தாங்களே வரைகின்றன, சிஸ்டத்திடம் விடுவதில்லை. அவற்றில் எழுத்தைக் கோக்கும் வேலை சரியாக இல்லை என்றால் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃப்ளட்டரும் க்யூட்டியும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துவதால் இதில் தப்பிக்கின்றன. திரையில் சரியாக வந்தாலும் பி.டி.எஃப். எடுத்துப் பாருங்கள்; திரையில் ஒழுங்காக இருந்த பெயர் பி.டி.எஃப்.பில் சிதறிக் கிடப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இரண்டு அங்குலத் தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் தெரியவே தெரியாது. சீட்டு முழுவதையும் படமாக வரைந்து அனுப்புவதுதான் வழி. மெதுவாக அச்சாகும். பழம் பறிப்பவர்களுக்கு தங்கள் பெயரும் கிலோவும் தமிழில் இருக்கிற சீட்டு வேண்டும், நாலு விநாடி காத்திருப்பார்கள். இந்த மூன்றையும் டிரையலிலேயே பார்த்துவிட்டால் பாதி டூல்கள் கழிந்துவிடும், விலையைப் பற்றிப் பேச்சே எழாது.

தராசும் அப்படித்தான். மின்தராசு சீரியல் போர்ட் வழியே எடையை எண்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் அதைப் படிப்பது சுலபம். ஆண்ட்ராய்டில் ஓ.டி.ஜி. கேபிள் போட்டு, இடையில் இருக்கும் சீரியல் சிப்பை அடையாளம் கண்டு படிக்க வேண்டும். “எல்லா பிளாட்ஃபாரத்திலும் ஓடும்” என்று சொல்லும் விளம்பரங்கள் பட்டன், லிஸ்ட், கலர் பற்றித்தான் பேசும். தராசு பற்றிப் பேசாது. நம்முடைய புரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு எப்படியும் அந்தந்த பிளாட்ஃபாரத்துக்கு என்று தனியாகத்தான் எழுத வேண்டியிருந்தது. டூல் மிச்சம் செய்து கொடுக்கும் நேரத்தைக் கணக்குப் போடும்போது இதைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் கம்யூனிட்டி எடிஷன்களில் விதியைப் படிக்காமல் இறங்க வேண்டாம். டெல்ஃபி கம்யூனிட்டி எடிஷனில் ஆண்டு வருமானம் 5,000 டாலரைத் தாண்டக் கூடாது. நம்ம ஊர்க் கணக்கில் நாலு லட்சத்துச் சொச்சம். நாலு பேர் இருக்கிற கடை அதை எப்போதோ தாண்டியிருக்கும். விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி தாராளம். எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்தில் ஐந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம். க்யூட்டியை எல்.ஜி.பி.எல். என்ற திறந்த லைசென்ஸ் முறையில் பணம் கட்டாமலே, சோர்ஸ் காட்டாத மூடிய சாப்ட்வேருக்கும் பயன்படுத்தலாம், ஆனால் லைப்ரரியைத் தனிக் கோப்பாக வைக்க வேண்டும், பயனர் அதை மாற்றிப் போட வழி இருக்க வேண்டும். சில பாகங்கள் அதைவிடக் கண்டிப்பான ஜி.பி.எல். லைசென்ஸில் மட்டுமே கிடைக்கும். அவற்றைத் தொட்டால் நம் சோர்ஸையும் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். டெல்ஃபியைப் போன்ற இலவச டூல்களான லாசரஸ், ஃப்ரீ பாஸ்கல் பற்றி இந்தப் பயமே இல்லை. டெல்ஃபி தெரிந்த கை அதில் ஒரே வாரத்தில் பழகிவிடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் போதும் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான் முதல் தேர்வு. கூட்டாளி ஒப்புக்கொள்ள மாட்டார். பார்க்கப் பழசாக இருக்கிறதாம்.

நாங்கள் மனசார காசு கொடுக்கிற இடம் ஒன்று உண்டு, பில்லும் பட்டியலும் அச்சடிக்க உதவும் ரிப்போர்ட் காம்போனென்ட். முழு டூலை வாங்குவதைவிட, ஒரு நல்ல ரிப்போர்ட் காம்போனென்ட்டை சோர்ஸோடு வாங்குவது பல மடங்கு பிரயோஜனம். ரினிவல் நின்றாலும் சோர்ஸ் கையில் இருக்கிறது. பட்டறைக்காரர் “இந்தப் பத்தியைத் தள்ளி வை, அந்த மொத்தத்தைக் கீழே போடு” என்று கேட்பதையெல்லாம் புரோகிராமைத் தொடாமலே செய்து கொடுக்கலாம். காசு கேட்கும் இன்னொன்று விண்டோஸ் கையெழுத்துச் சான்றிதழ், புரோகிராம் யாருடையது என்று காட்டுவது. அது இல்லாவிட்டால் நிறுவும்போது ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை வந்து வாடிக்கையாளர் பயந்துவிடுவார். 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை யு.எஸ்.பி. டோக்கன் போன்ற ஹார்டுவேரில்தான் வைக்க வேண்டும் என்று விதி. நாங்கள் அதை இன்னும் வாங்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களிடம் நேரில் போய் நாங்களே நிறுவுவதால் தேவைப்படவில்லை.

கடைசியாக ஐபோன். பிளே ஸ்டோரில் 25 டாலர் ஒரே முறை. ஆப்பிளில் 99 டாலர், ஆண்டுதோறும். கட்டாவிட்டால் ஆப் ஸ்டோரிலிருந்து போய்விடும். எந்த டூலில் எழுதினாலும் கம்பைல் செய்ய மேக் வேண்டும். பழைய மேக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால், கம்பைல் செய்யும் ஆப்பிளின் டூலான எக்ஸ்கோடில் 2024 ஏப்ரலிலிருந்து வெர்ஷன் 15, 2025 ஏப்ரலிலிருந்து 16 என்று கேட்டார்கள். புது எக்ஸ்கோடு புது மேக் ஓ.எஸ். கேட்கும், அது பழைய மேக்கில் ஏறாது. இது டூல் விலைப் பட்டியலில் எங்கேயும் இருக்காது, ஆனால் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை.

எஸ்டேட் முதலாளியிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். மேக், ஆண்டுச் சந்தா, எங்கள் கூலி. அவர் ஒருவருக்காக. “சார், நீங்க ஐபோன்ல எடை போடப் போறதில்லை, பார்க்கத்தானே போறீங்க?” என்று கூட்டாளி கேட்டார். ஆமாம் என்றார். எடை போடுகிறவருக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும், பிரிண்டர் வேண்டும், தராசு வேண்டும். பார்க்கிறவருக்கு ஒன்றும் வேண்டாம். சஃபாரியில் திறக்கும் ஒரு பக்கம் செய்து கொடுத்தோம். சாயங்காலம் மேஸ்திரியின் போன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் அன்றைய கிலோ அதில் ஏறிவிடும். அவர் அதை ஹோம் ஸ்கிரீனில் ஐகானாக வைத்துக்கொண்டு எல்லோரிடமும் “என் ஆப்” என்றுதான் சொல்கிறார். நாங்கள் திருத்தவில்லை.